வசந்தி எடுத்துத் தந்த குளிசைகள்

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் என்னால் எழுத முடியாது. அந்த நாட்களில் என் இரத்தம் பக்கத்தில் நிற்கும் ஒரு மெசினுக்குள் போய்ச் சுற்றிவிட்டு வரும். வீட்டுக்கு வந்தால் பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடப்பேன். மற்ற நாட்களில் கொஞ்சம் மனிதனாக இருப்பேன். இதை ஒரு புதன்கிழமை தொடங்கினேன். நோய் மாறி எழுந்தவன் எழுதுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாறவில்லை, இனி மாறாது என்றும் சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டால், ஆஸ்பத்திரி வாட்டில் என்னோடு படுத்திருந்தவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிப் பார்த்தேன். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய் அதே சொப்பிங் பையைத் திறந்து அதே குளிசையைப் போட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின்காரனாக இருந்தவன். பெரிய கப்பல் உள்ளே வரும்போது அதைத் தள்ளியும் இழுத்தும் துறையில் சேர்க்கிற சின்னப் படகு. கப்பலில் வருகிறவன் மேலே நின்று விரிகுடாவைப் படம் பிடிப்பான். நான் கீழே நின்று டீசல் மணத்தைக் குடித்துக்கொண்டிருப்பேன். அந்தக் கீழுக்கும் மேலுக்கும் ஒரு செங்குத்தான இரும்பேணி. வாழ்நாளில் பாதியை அந்த ஏணியில் ஏறி இறங்கியே கழித்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்து போயின. கதை அந்த முழங்காலில்தான் தொடங்குகிறது. சிறுநீரகத்தில் தொடங்கியிருந்தால் நானும் கொஞ்சம் கவனமாக இருந்திருப்பேன்.

என் மனைவி வசந்தி. உப்புவெளியில் எங்கள் வீடு. பிள்ளைகள் இல்லை. அதனால் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய அக்கறையும் சேர்ந்து என் தலையிலேயே விழும். எனக்குக் கனகாலமாகப் பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாதாமாதம் குளிசை எடுத்து வருவோம். பிரஷருக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதற்கு ஒன்று. கடைசியாகச் சொன்னதை எங்கள் ஊரில் தண்ணிக் குளிசை என்போம்.

முழங்கால் நோவு கூடியபோது சந்தியடி டிஸ்பென்சரிக்குப் போனேன். அந்த டொக்டர் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. வசந்தியின் தாயின் கடைசிக் காலத்தில் வீட்டுக்கே வந்து பார்த்தவர். அவர் தரும் குளிசைகள் சின்னக் காகித உறைகளில் வரும். உறையின் மேல் காலை, இரவு என்று எழுதியிருக்கும். என்ன குளிசை என்று எழுதியிருக்காது. அதை யாரும் கேட்டதும் இல்லை. பிறகு நோவு இன்னும் கூடியதும், வசந்தி யாரோ சொல்லிக் கேட்டு, கொழும்பிலிருந்து கிழமைக்கொருமுறை வருகிற எலும்பு டொக்டரைச் சனல் பண்ணினாள், அதாவது காசு கட்டி நேரம் எடுத்தாள். அவரும் ஒரு மருந்துத் துண்டு எழுதித் தந்தார். அதற்குப் பார்மஸியில் பளபளக்கிற அட்டையில் குளிசை வாங்கினோம். மூன்றாவதாக, கனடாவில் இருக்கிற வசந்தியின் தம்பி ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெரிய போத்தல் நிறைய நோவுக் குளிசை கொடுத்தனுப்பினான். அங்கே கடையில் பிஸ்கட் மாதிரி வைத்து விற்கிறார்களாம். அதோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் வந்தது. ஞாயிறு முதல் சனி வரை நாளுக்கொரு அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. அந்தப் பெட்டியைக் கண்ட நாளில் வசந்திக்கு வந்த சந்தோசம், நான் கலியாணத்துக்குப் பிறகு வாங்கிக் கொடுத்த எந்தச் சேலைக்கும் வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவள் மேசையில் உட்கார்ந்துவிடுவாள். கிளினிக் உறைகள், டிஸ்பென்சரி உறைகள், பார்மஸி அட்டைகள், கனடாப் போத்தல் எல்லாம் முன்னால் இருக்கும். ஒவ்வொன்றாக உரித்து அந்தந்த மூடிக்குள் போட்டு, வெறும் அட்டையையும் உறையையும் குப்பையில் எறிந்துவிடுவாள். வீடு துப்புரவாக இருக்க வேண்டும் அவளுக்கு. காலையில் நான் குசினிக் கதிரையில் வந்து உட்கார்ந்து கையை நீட்டுவேன். அன்றைய மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் கவிழ்ப்பாள். மற்றக் கையில் வெந்நீர். நான் எண்ணிப் பார்த்ததில்லை, என்ன நிறம் என்றும் பார்த்ததில்லை. அவள் தருகிறாள், நான் விழுங்குகிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு டொக்டரிடம் இன்னொரு டொக்டரின் பேச்சை எடுக்க மாட்டோம். கிளினிக்கில் டிஸ்பென்சரியைச் சொன்னால், அப்படியென்றால் அங்கேயே போங்கோ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். டிஸ்பென்சரி டொக்டரிடம் சனல் பண்ணியதைச் சொன்னால் அவர் மனம் நோவாரே என்று மரியாதை. கனடாப் போத்தலையோ யாரிடமும் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வராது. அது தம்பியின் அன்பளிப்பு. சொக்லேட்டோடு வந்தது. ஆக, என்னைப் பார்த்த மூன்று டொக்டர்மாரும் அவரவர் எழுதியதைச் சரியாகத்தான் எழுதினார்கள். அந்த மூன்றும் கனடாவும் ஒன்றாகச் சேர்ந்த இடம் என் வயிறு மட்டும்தான்.

கிளினிக்கில் ஒருமுறை கேட்டார்கள்தான். எனக்கு வாய் இருந்தாலும் அங்கே வசந்திதான் பதில் சொல்லுவாள்.

"வேற மருந்து ஏதும் எடுக்கிறாரோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை டொக்டர். நீங்கள் தாறது மட்டும்தான்."

பஸ்ஸில் வரும்போது அந்தக் கனடாக் குளிசை என்ன கணக்கு என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

"அது நோவுக்கெல்லோ போடுறது. அதையும் போய் மருந்தெண்டு சொல்லுறதே?" என்றாள்.

எனக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது. வருத்தத்துக்குப் போடுவது மருந்து, நோவுக்குப் போடுவது நோவுக் குளிசை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சில மாதங்களில் சப்பாத்து இறுகத் தொடங்கியது. பிறகு மோதிரம் கழற்ற வரவில்லை. காலையில் கண்ணாடியில் பார்த்தால் முகம் ஊதியிருக்கும். படகில் பொடியன்கள், "அண்ணை, புது மாப்பிள்ளை மாதிரி முகம் பளபளக்குது. அக்காட்டச் சொல்லட்டோ?" என்று பகிடி பண்ணினார்கள். நானும் சிரித்தேன். வசந்தியின் மீன் குழம்பு மணம் வயிற்றைப் புரட்டியபோதுதான் சிரிப்பு நின்றது. வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்பிய ருசி. கால் வீக்கத்துக்கு டிஸ்பென்சரிக்குப் போனோம். அவரும் ஒரு தண்ணிக் குளிசை தந்தார். கிளினிக்கில் ஏற்கெனவே ஒன்று தருவது அவருக்குத் தெரியாது. நாங்கள்தான் சொல்ல மாட்டோமே. அதுவும் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் அந்த ஏணியில் பாதி ஏறி நின்றுவிட்டேன். மேலேயும் ஏலாது, கீழேயும் ஏலாது. மூச்சு வரவில்லை. இரண்டு பேர் தூக்கி எடுத்தார்கள். இரத்தம் சோதித்த இடத்தில் இருந்த பெண் காகிதத்தைத் தந்துவிட்டு, "வீட்ட போகாமல் நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றாள். அவள் அதை மெதுவாகச் சொன்ன விதத்தில் எனக்குக் குளிர் பிடித்துவிட்டது. வசந்தி ஓட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கையும் குளிர்ந்திருந்தது.

வாட் டொக்டர் சிங்களவர், இளம் ஆள். படித்தெடுத்த தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். இரத்தத்தில் கிரியற்றினின் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். உடம்பின் தசைகள் வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வடித்துச் சிறுநீரோடு வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் இரத்தத்திலேயே ஏறும். 

"அங்கிள், இது ஒண்டு இருக்க வேணும்" என்று விரலைக் காட்டினார். "உங்களுக்கு ஒம்பது இருக்கு. கிட்னி ரெண்டும் வேலை நிப்பாட்டி இருக்கு."

"திரும்ப வேலை செய்யுமோ?" என்று வசந்தி கேட்டாள்.

"சில ஆளுக்கு வரும். சில ஆளுக்கு வராது. நாங்கள் பாப்பம்."

எனக்கு எஞ்சின் பழக்கம். நின்றுபோன எஞ்சினைப் பார்த்து யாராவது பாப்பம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். பயந்தேன். கழுத்தில் ஒரு குழாய் போட்டார்கள். அதன் வழியாக இரத்தத்தை வெளியே எடுத்து, மெசினில் வடித்து, திரும்ப உள்ளே விடுவார்கள். முதல் தரம் அதைச் செய்தபோது என் இரத்தம் கண்ணுக்கு முன்னால் குழாயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அருகில் நின்ற நேர்ஸ் கண்ணைத் துடைத்துவிட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிப் படுக்கச் சொன்னார்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் செல்லத்துரை என்றொரு நிலாவெளி ஆள். கரைவலை இழுக்கிறவர். சீனி வருத்தத்தால் காலில் புண் வைத்து வந்திருந்தார். நோ வந்தால் வலை இழுக்கும்போது கத்துகிற மாதிரியே ஏலேலோ போடுவார். வாட் முழுக்கச் சிரிக்கும், அவரும் சிரிப்பார், பிறகு கண்ணால் தண்ணீர் ஓடும். வசந்திக்கு அவரைப் பார்க்கப் பொறுக்காது. எனக்குக் கொண்டு வரும் சாப்பாட்டில் அவருக்கும் ஒரு பங்கு வைப்பாள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ றிஸ்னா வந்தாள். மூதூர்ப் பிள்ளை, ஆஸ்பத்திரிப் பார்மசிஸ்ட். வாட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் வீட்டில் என்னென்ன குளிசை போட்டார்கள் என்று கேட்டு, ஆஸ்பத்திரியில் கொடுப்பதோடு ஒத்துப் பார்ப்பது அவள் வேலை. வீட்டில் போட்டது இங்கே விடுபடக் கூடாது, ஒன்றே இரண்டு முறை வரக் கூடாது, ஒன்றோடொன்று சண்டை பிடிக்கக் கூடாது. அதை அவள் விளங்கப்படுத்தியபோது எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் தோன்றியது.

"அன்ரி, வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு வாங்க. நோவுக்குப் போடுறது, காய்ச்சலுக்குப் போடுறது, ஆரும் தந்தது, ஒண்டையும் விடாதீங்க" என்றாள் வசந்தியிடம்.

வசந்தி அடுத்த நாள் பெரிய பையோடு வந்தாள். அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. தன் கவனிப்பைப் பார்க்க ஒருத்தி வந்திருக்கிறாள் என்ற பெருமை. கட்டில் விரிப்பில் ஏழு மூடிப் பெட்டியை வைத்தாள். உறைகள், அட்டைகள், போத்தல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள்.

"ஒரு நாளும் பிந்தினதில்லை பிள்ளை. இவர் கப்பலில நிண்டாலும் கட்டிக் குடுத்துவிட்டிடுவன்" என்றாள்.

றிஸ்னா பெட்டியைத் திறந்து ஒரு நாளுக்குரிய குளிசைகளை ஒரு காகிதத்தில் கொட்டினாள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். கிளினிக்கில் தந்தவற்றை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பேரில்லாத உறையைக் காட்டி எங்கே எடுத்தது என்று கேட்டாள். வசந்தி சொன்னதும் வெளியே போய் டிஸ்பென்சரி டொக்டரோடு போனில் கதைத்துவிட்டு வந்தாள். பிறகு மெல்ல மெல்ல இன்னொரு பக்கத்தில் ஒரு குவியல் சேர்ந்தது. டிஸ்பென்சரி நோவுக் குளிசை அதில் விழுந்தது. பார்மஸி அட்டையிலிருந்து உரித்தது விழுந்தது. கனடா விழுந்தது. அவள் கை மெதுவானதை நான் பார்த்தேன். வசந்தி கனடாத் தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் வெந்நீர் எடுக்கப் போத்தலோடு போன நேரம் றிஸ்னா என் பக்கம் குனிந்தாள்.

"அங்கிள், இந்த மூண்டும் பேர்தான் வேற. மூண்டும் செய்யிறது ஒரே வேலை. நோவைக் குறைக்கும், ஆனா கிட்னிக்குப் போற இரத்தத்தையும் குறைக்கும். ஒண்டு போட்டாலே நீங்க கவனமா இருக்கணும். நீங்க குடிக்கிற பிரஷர் குளிசையோடயும், ரெண்டு தண்ணிக் குளிசையோடயும், இது மூண்டும் சேந்து..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

"அப்ப சீனியால இல்லையோ?" என்று கேட்டேன்.

"சீனியும் பிரஷரும் கிட்னியை முதலே பலவீனமாக்கியிருக்கும். அது உண்மை. ஆனா இப்படி ஒரேயடியா நிண்டது இதாலதான்."

அந்த நேரத்தில் எனக்குச் சிறுநீரகம் நினைவில் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் மேசையில் குனிந்து உட்கார்ந்து உரித்துக்கொண்டிருக்கிற வசந்திதான் நினைவில் வந்தாள்.

"பிள்ளை, அவவுக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"அங்கிள்..."

"எனக்கு ஒரு உதவி செய்யிறதெண்டால் இதைச் செய். இனி இதுகளைக் குடுக்க வேண்டாமெண்டு மட்டும் சொல்லு. ஏனெண்டு சொல்ல வேண்டாம். அவ தாங்க மாட்டா."

"வீட்டுல குளிசை எடுத்துத் தாறது அவங்கதானே. அவங்களுக்குத் தெரியாம நான் என்னண்டு..."

வசந்தி வெந்நீரோடு வந்துவிட்டாள். றிஸ்னா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இது ரெண்டு பக்கமும் என்னட்ட இருக்கட்டும் அன்ரி" என்று குவியல்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. ஆஸ்பத்திரி நாட்களில் பெரும் பகுதி காத்திருப்புத்தான். ஸ்கான் அறைக்கு வெளியே வாங்கில், இரத்தப் பரிசோதனை முடிவுக்கு, டொக்டர் ரவுண்ட்ஸ் வர. எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டிலுக்கடியில் ஒரு போத்தல். வருகிற சிறுநீரை அதில் பிடித்து அளக்க வேண்டும். அளவு கூடினால் சிறுநீரகம் விழிக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு காலையும் வசந்தி அந்தப் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள். கொஞ்சம் கூடிய நாளில் அவள் முகம் மலரும். அடுத்த நாள் குறைந்துவிடும். இப்படி நம்பிக்கையும் போத்தலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பில்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வெளியே எடுத்த சோதனைகளுக்கும் மருந்துகளுக்கும் வசந்தியின் காப்பு போனது என்பது போதும்.

எனக்குச் சாப்பாடு உப்பில்லாமல். மரக்கறியை அவித்து அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள பொட்டாசியம் என்ற சத்து இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடுமாம். வாழைப்பழம் வேண்டாம், இளநீர் வேண்டாம். அந்தச் சப்பைச் சாப்பாட்டைத்தான் அவளும் சாப்பிடுகிறாள் என்று செல்லத்துரைக்குப் பங்கு வைக்கும்போதுதான் தெரிய வந்தது.

"தங்கச்சி, நீயும் ஏன் உப்பில்லாமல்? உனக்குக் கிட்னி நல்லாத்தானே இருக்கு" என்று அவர் கேட்டார்.

"ரெண்டு கறி சமைக்க ஏலாதண்ணை" என்றாள்.

அந்த நாட்களில் அவள் பேச்சு குறைந்திருந்தது. கனடாத் தம்பி போன் எடுத்தாலும் ஓம், இல்லை என்று முடித்துவிடுவாள். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிற களைப்பு என்று நினைத்தேன். அவள் டொக்டரிடம் ஏன் இப்படி வந்தது என்று கேட்டுவிடுவாளோ என்று நான் ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு விட்டார்கள். கிழமையில் இரண்டு நாள் மெசினுக்கு வர வேண்டும், மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். போகும்போது றிஸ்னா எங்கள் இருவரையும் இருத்தி, இனிப் போட வேண்டியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதித் தந்தாள். எந்த டொக்டரிடம் போனாலும் இந்தத் தாளைக் காட்ட வேண்டும், அட்டையிலிருந்து முன்கூட்டியே உரித்து வைக்கக் கூடாது, பேர் தெரியாத குளிசை எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்றாள். வசந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

வீட்டில் முதல் காலை. குசினிக் கதிரையில் போய் உட்கார்ந்து பழக்கத்தில் கையை நீட்டினேன். வசந்தி வெந்நீரை மேசையில் வைத்தாள். அட்டைகளையும் றிஸ்னாவின் தாளையும் என் முன்னால் வைத்தாள்.

"நீங்களே பாத்து எடுங்கோ" என்றாள்.

"ஏன், நீர் எடுத்துத் தாருமன். எனக்குக் கண்ணாடி அங்கால கிடக்கு."

"எடுத்துக்கொண்டு வாறன் கண்ணாடியை."

கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தாள். நான் கையை மடக்கவில்லை. அவள் அடுப்பின் பக்கம் திரும்பி நின்றாள்.

"அந்தப் பிள்ளை எனக்கு அண்டைக்கே சொல்லிப்போட்டுது" என்றாள்.

நீட்டியிருந்த கையை மடியில் போட்டேன்.

"நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்த பிறகு நீங்கள் நித்திரையாப் போட்டியள். செல்லத்துரையண்ணை நோவில துடிச்சுக்கொண்டிருந்தவர். என்ர கைப்பையில கனடாக் குளிசை கொஞ்சம் கிடந்தது. ஒண்டை எடுத்து அவருக்கு நீட்டினனான். அந்தப் பிள்ளை வாசல்ல நிண்டு கண்டு ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சது. வெளியில கூட்டிக்கொண்டு போய் எல்லாம் சொன்னது. நீங்கள் சொல்ல வேண்டாமெண்டு கேட்டதையும் சொன்னது. பாவம், அழுதது. அவருக்கும் கிட்னி பழுதாப் போயிருக்கும் அன்ரி எண்டு சொல்லி அழுதது."

"அது உம்மட பிழை இல்லை வசந்தி. மூண்டு டொக்டர் தந்தது. கேக்காமல் விழுங்கினவன் நான்."

"டொக்டர்மார் தந்ததை ஒண்டாச் சேத்தது நான்தானே."

 ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் நான் அவளுக்கு மறைத்துக்கொண்டு கிடந்தேன். அவள் தெரிந்துகொண்டே போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உப்பில்லாமல் சாப்பிட்டதும் அதற்குத்தான் என்று அப்போது விளங்கியது. நான் அன்றைய குளிசைகளைத் தாளைப் பார்த்து நானே எடுத்து விழுங்கினேன். 

மூன்று மாதமும் போனது. சிறுநீர் கூடவில்லை. டொக்டர் ஸ்கானைப் பார்த்துவிட்டு, இந்த முறை பாப்பம் என்று சொல்லவில்லை. கையில் நாடி, நாளம் என்ற இரண்டு இரத்தக் குழாய்களையும் சேர்த்துத் தைத்தார்கள். மெசினுக்கு ஊசி குத்த அது வேண்டும். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே உறுமும். தூரத்தில் எஞ்சின் ஓடுகிற மாதிரியே இருக்கும். படகு வேலைக்கு இனி நான் போக ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருக்கும் எஞ்சின் இது ஒன்றுதான்.

வசந்தி அதைக் கேட்டதும் டொக்டருக்கு முன்னாலேயே, "என்ர கிட்னியை எடுங்கோ" என்றாள். நான் தடுத்தேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோதனைகளுக்கு நாங்கள் கண்டிக்குப் போய் வந்தோம். அந்த நாட்களில்தான் அவளை நான் கொஞ்சம் பழைய வசந்தியாகக் கண்டேன். பஸ்ஸில் கந்தளாய்க் குளம் தெரியும்போது, "தண்ணி நிறைய நிக்குது பாருங்கோ" என்று ஜன்னலைத் திறந்து காட்டினாள். கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கணக்கு அவளுக்கு. எனக்கும் அந்தக் கணக்கு வேண்டியிருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவளுக்கும் சீனி வருத்தம் இருப்பது அங்கேதான் தெரிய வந்தது. கன வருசமாக இருந்திருக்க வேண்டுமாம். என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன வருசங்களில் தன்னை ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. உங்களிடம் எடுக்க ஏலாது, எடுத்தால் உங்களுக்கும் போய்விடும் என்றார்கள். திரும்பி வரும்போது ஜன்னல் மூடியே இருந்தது.

வேறு ஆள் இல்லை. கனடாத் தம்பி போனில் அழுதான். அவனுக்குக் குளிசைக் கதை தெரியாது. வசந்தி சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு போத்தல் அனுப்பியதற்காக இன்னொரு ஆளும் நித்திரை இல்லாமல் கிடக்க வேண்டாம்.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டிலும் குளிசை போட்டு வைக்கிற ஒரு பெட்டி இருக்கும். ஐஸ்கிரீம் பெட்டியோ, பிஸ்கட் ரின்னோ. அதை ஒருமுறை மேசையில் கொட்டிப் பாருங்கள். டொக்டர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கோவித்தால் கோவிக்கட்டும். இதைச் சொல்லும்போதே நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

இப்போது வசந்திக்கும் ஒரு கிளினிக் கொப்பி. காலையில் அவள் தன் குளிசை அட்டையைக் கொண்டுவந்து எனக்குக் காட்டுவாள். "இது சரியோ எண்டு பாருங்கோ." நான் கண்ணாடியைப் போட்டுப் பேரை வாசித்து, தாளோடு ஒத்துப் பார்த்து, சரி என்பேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் சரி என்று சொல்லாமல் வாயில் வைக்க மாட்டாள். ஒருநாள் நானே உரித்து அவள் பக்கம் நீட்டினேன். "கையை நீட்டும்" என்றேன். அவள் கையைப் பின்னால் இழுத்தாள். குளிசை விழுந்து மேசைக்கடியில் உருண்டது.

"வேண்டாம். ஒருத்தருக்கு ஒருத்தர் எடுத்துக் குடுக்கிற வேலை இனி இந்த வீட்டில வேண்டாம்" என்றாள்.

குனிந்து அதைத் தேடி எடுத்துக் குப்பையில் போட்டாள். புது அட்டையிலிருந்து ஒன்றைத் தானே உரித்து விழுங்கினாள்.

நாளை வெள்ளிக்கிழமை, மெசின் நாள். விடியப் போக முன்னர் பிரஷர் குளிசை போட வேண்டாம் என்று தாளில் இருக்கிறது, நானே பார்த்துக்கொள்வேன். ஆனால் குசினிக் கதிரையில் உட்கார்ந்ததும் என் கை இன்னும் தானாக நீளுகிறது. அதில் ஒன்றும் விழுவதில்லை. வசந்தி அதைக் காணாத மாதிரி வெந்நீரை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.